தண்ணீர் ஊற்றாமல் போனவன்

மழை வலுத்திருந்த காலை. டென்மார்க்கில் ஓடென்ஸ நகரத்தின் வடக்குக் குடியிருப்பிலிருந்து கிளம்பும் பேருந்தை வாஹித் ஓட்டினார். கதவைச் சாத்துமுன் பக்கக் கண்ணாடியில் ஒரு முறை பார்ப்பது அவர் வழக்கம். யாராவது ஓடி வந்தால் காத்திருப்பார். குழந்தை வண்டியோடு ஒரு தாய் இரண்டு நிறுத்தம் தள்ளி வந்தாலும் காத்திருப்பார் என்று குடியிருப்பில் அவரைப் பற்றிக் கேலியாகச் சொல்வதுண்டு.

அன்றும் கண்ணாடியில் ஒருவன் தெரிந்தான். நகராட்சித் தோட்டத்து மஞ்சள் சட்டை, கையில் சோற்றுப் பை, குட்டையில் கால் வைத்துத் தெறித்துக்கொண்டு ஓடி வந்தான். யெப்பெ. வாஹித் பொத்தானை அழுத்தினார். கதவு சாத்திக்கொண்டது. வண்டி நகர்ந்தது.

முன் இருக்கையில் பணிமனைக்குப் போய்க்கொண்டிருந்த சக ஓட்டுநர் காதிர் திரும்பிப் பார்த்தான்.

“அண்ணே, அந்தப் பையன் கையைக் காட்டிக்கிட்டே ஓடி வந்தானே!”

“பார்க்கல.”

“எனக்கே தெரிஞ்சுது. உங்க கண்ணாடிக்கு மட்டும் தெரியலையா?”

“உனக்கு இன்னும் வேலை ஆரம்பிக்கலைல்ல? வாயை மூடிட்டு வா.”

காதிர் மூடிக்கொண்டான். ஆனால் நான்காவது வரிசையில் உட்கார்ந்திருந்த லிஸ்பெத்தும் பார்த்திருந்தாள். முதியோர் இல்லத்தில் வேலை செய்பவள். மழையில் விடப்பட்டவன் அவளுடைய ஒரே மகன். சிறையிலிருந்து வந்த பிறகு அவனுக்குக் கிடைத்த தோட்ட வேலை அது. நேரம் தவறினால் அவன் அதிகாரிகளிடம் விளக்கம் சொல்ல வேண்டும்.

தன் நிறுத்தம் வந்ததும் லிஸ்பெத் முன்கதவு வழியாக இறங்கினாள். எல்லா நாளும் சொல்வதைத்தான் அன்றும் சொன்னாள்.

“இன்னைக்கு நாள் நல்லாப் போகட்டும், வாஹித்.”

அவள் திட்டியிருந்தால் கூட அவர் தாங்கியிருப்பார்.

பத்து வருடங்களுக்கு முன் இரண்டு பிள்ளைகள் ஜெர்மனியில் பந்தாட்டப் போட்டி என்று பொய் சொல்லிவிட்டு இதே பேருந்தில் ஏறிப் போனார்கள். ஒருவன் வாஹிதின் மகன் தாரிக். மற்றவன் யெப்பெ. அடுத்த மாதம் சிரியாவிலிருந்து செய்தி வந்தது: கறுப்புக் கொடித் தீவிரவாதக் கும்பலில் சேர்ந்துவிட்டார்கள். கும்பல் சிதறியபோது இருவரும் துருக்கி எல்லையில் பிடிபட்டார்கள்.

அங்கேதான் இருவர் வழியும் பிரிந்தது. யெப்பெவுக்கு டென்மார்க்கை விட்டால் வேறு நாடு இல்லை. எந்த நாடும் இல்லாதவனாக ஒருவனை ஆக்கக் கூடாது என்பது சட்டம். ஆகவே அவனை இங்கே கொண்டுவந்து, வழக்கு நடத்தி, சிறையில் போட்டு, வெளியே விட்டார்கள். தாரிக்குக்கோ இரண்டு குடியுரிமை. அவன் சிறுவனாக இருந்தபோது வாஹித்தான் அவனுக்குப் புதுச் சட்டை போட்டு, துருக்கித் தூதரகத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பதிவு செய்தார். துருக்கியில் கொன்யாவுக்குப் பக்கத்தில் இருக்கும் பாட்டன் கோதுமை நிலம் நாளை பிள்ளைக்குச் சேர வேண்டுமே என்ற ஆசை. வழியெல்லாம் மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதை. “உனக்குத்தான் இன்னொரு நாடு இருக்கிறதே” என்று டென்மார்க் அவனுடைய குடியுரிமையைப் பறித்துவிட்டது. துருக்கிச் சிறையிலிருந்து விடுதலையான தாரிக், இப்போது கொன்யாவில் ஒரு மாவு ஆலையின் மூட்டை அறையில் படுத்துக் கிடக்கிறான். அவன் பேசும் துருக்கி மொழியைக் கேட்டு ஆலைக்காரர்கள் சிரிக்கிறார்களாம்.

அந்தப் பறிப்பை எதிர்த்த முறையீடு அடுத்த வாரம் நீதிமன்றத்துக்கு வருகிறது.

“உங்க மகனை அந்தப் பையன்தான் கூட்டிட்டுப் போனான்னு நீங்க எப்பவும் சொல்றீங்க,” என்றாள் தாரிக்கின் வழக்கறிஞர். “நீங்க சொன்னா அப்பா சொல்றார்னு ஒதுக்கிடுவாங்க. அவனே வந்து சொன்னா எடுபடும். வேறவன் பேச்சுல மயங்கிப் போனவனுக்கும், தானா முன்னால நின்னு போனவனுக்கும் வித்தியாசம் உண்டு இல்லையா? கேட்டுப் பாருங்க.”

யாரைக் கண்டு கதவைச் சாத்தினாரோ, அவன் வாசலிலேயே போய் நிற்க வேண்டியதாயிற்று.

லிஸ்பெத்தின் வீடு எதிர்க் கட்டடத்தில்தான் இருந்தது. வாஹித் அதற்குள் காலெடுத்து வைத்ததே இல்லை. அவள் மறுகேள்வி கேட்காமல் உள்ளே அழைத்தாள். காப்பிக்குப் பதிலாக, அவர் வீட்டு வழக்கம்போல், கண்ணாடிக் கோப்பையில் கறுப்புத் தேநீர் கொண்டுவந்தாள். சர்க்கரைக் கட்டியைத் தனியாக வைத்தாள். யெப்பெ சுவரோடு ஒட்டி நின்றான். வாஹித் விஷயத்தைச் சொன்னார், அவன் முகத்தைப் பார்க்காமலே.

“சொல்றேன் மாமா,” என்றான் யெப்பெ உடனே.

மாமா. பத்து வருடமாகக் காதில் விழாத சொல். சிறுவனாக அவர் வீட்டு மேசையில் உட்கார்ந்து பருப்புக் கஞ்சி குடித்தபோது கூப்பிட்ட சொல்.

“நான்தான் கூட்டிட்டுப் போனேன்னு சொல்லிடறேன். எனக்கென்ன, சிறைக்குப் போயிட்டு வந்தாச்சு. இன்னொரு தடவை கூப்பிட்டு விசாரிச்சாலும் பரவால்ல. தாரிக் வந்தா சரி.”

வாஹித் நிமிர்ந்து பார்த்தார். “சொல்லிடறேன்னா? அப்போ அது நடந்தது இல்லையா?”

யெப்பெ தன் தாயைப் பார்த்தான். லிஸ்பெத் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

“நிஜத்தைச் சொல்லுடா,” என்றார் வாஹித்.

“விடுங்க மாமா.”

“சொல்லு!”

“தாரிக்தான் முதல்ல பேச ஆரம்பிச்சான். படம் காட்டினான், ஆளுங்ககிட்ட அறிமுகம் பண்ணினான், டிக்கெட்டும் அவன்தான் எடுத்தான். நான் பயந்தேன். ‘நீ வரலைன்னா நான் தனியாப் போயிடுவேன்’னான். அவனை விட்டா எனக்கு யாரு இருந்தாங்க? போனேன். அவன் மேல மட்டும் பழி இல்ல மாமா. என் காலாலதானே நடந்தேன்.”

வாஹித் லிஸ்பெத்தின் பக்கம் திரும்பினார். “உங்களுக்கு இது எப்பத் தெரியும்?”

“வழக்கு நடந்தப்பவே.”

“தெரிஞ்சுமா என் வண்டியில ஏறினீங்க? நான் உங்க பிள்ளையை மழையில விட்டுட்டுப் போனதைப் பார்த்துட்டும் நல்லா இருங்கன்னீங்க?”

லிஸ்பெத் அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். “இவன் அப்பா விட்டுட்டுப் போன வருஷம், எனக்கு ராத்திரி வேலை. இவன் எங்க சாப்பிட்டான்? உங்க வீட்டுலதான். உங்க மனைவி ஒரு நாள் கூட எங்கிட்ட அதைச் சொல்லிக் காட்டினதில்ல. பசங்க பள்ளிக்கூட முகாமுக்குப் போனப்போ அவங்க மாடியிலிருந்து இறங்கி வந்து, ரெண்டு பேர் பின்னாலயும் ஒரு குவளைத் தண்ணி ஊத்தினாங்க. ‘தண்ணி மாதிரிப் போ, தண்ணி மாதிரித் திரும்பி வா’ன்னாங்க. எனக்குச் சிரிப்பா வந்துச்சு. ஆனா என் பிள்ளைக்கும் சேர்த்துத்தானே ஊத்தினாங்க?”

வாஹித் தேநீரைத் தொடாமல் எழுந்தார்.

வீட்டில் மனைவி சஃபியே காத்திருந்தாள். கேட்டதும் அவள் அழுதாள். அழுது முடித்ததும் அவள் முகம் இறுகியது.

“சரி. அவனே சொல்றேங்கறான் இல்ல? சொல்லட்டும்.”

“பொய்ச்சாட்சி, சஃபியே. அல்லாவுக்கு முன்னால—”

“அல்லா என் வயித்தையும் பார்த்துட்டுத்தான் இருக்கான். மூட்டைக்கு நடுவுல படுத்திருக்கான் என் பிள்ளை. பஸ் ஓட்டறவர் இப்போ நீதி ஓட்டப் போறீங்களோ?”

“அடுத்தவ பிள்ளை தலையில பழியை ஏத்தி என் பிள்ளையை இறக்கவா?”

“பெத்தவளாக் கேக்கறேன். வாயைத் திறக்காம இருங்க, அது போதும். அன்னைக்கும் அப்படித்தானே இருந்தீங்க!”

அந்தச் சொல் தைத்தது. பத்தொன்பது வயதில் தாரிக் மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்தினான். அண்டை வீட்டாரை நரகத்து விறகு என்றான். “உங்க தொழுகை வெறும் பழக்கம்” என்று தகப்பனையே சொன்னான். அப்போதெல்லாம் வாஹித் என்ன நினைத்தார்? மற்ற பிள்ளைகள் குடிக்கிறார்கள், நம் பிள்ளை தொழுகிறான், போதும். வண்டி ஓட்டிய களைப்பு. கேட்டால் சண்டை வரும். கேட்காமல் படுத்துக்கொண்டார்.

மறுநாள் வைகறைத் தொழுகையில் அவர் நெற்றி தரையை விட்டு எழ வெகுநேரம் ஆயிற்று.

நீதிமன்றத்தில் திரையில் தாரிக் தெரிந்தான். மெலிந்து, தாடி மழித்து, மாவு ஆலையின் எழுத்தரின் அறையில் உட்கார்ந்திருந்தான். யெப்பெ கடன் வாங்கிய கோட்டோடு சாட்சிகளின் பெஞ்சில். சஃபியே கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டிருந்தாள். முதலில் வாஹிதைக் கூப்பிட்டார்கள்.

“உங்கள் மகனை அங்கே போகத் தூண்டியது யார்?” என்று கேட்டாள் வழக்கறிஞர்.

வாஹித் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டார். ஒரு சொல். அதைச் சொன்னால் மகன் வரலாம். அவர் சஃபியேவைப் பார்த்தார். அவள் கண் கெஞ்சியது. யெப்பெவைப் பார்த்தார். அவன் மெல்லத் தலையசைத்தான், சொல்லிவிடுங்கள் என்பது போல.

“யாரும் தூண்டலைங்க,” என்றார் வாஹித். “என் மகன்தான் யெப்பெவைக் கூட்டிட்டுப் போனான். இவ்வளவு காலம் மாத்திச் சொல்லிட்டு இருந்தேன். தெரியாமச் சொன்னேன். இப்பத் தெரியும்.”

வழக்கறிஞர் கையிலிருந்த பேனாவை மேசையில் வைத்துவிட்டாள். சஃபியேவிடமிருந்து அடிபட்ட ஒரு சத்தம் வந்தது.

“இன்னும் ஒண்ணு சொல்லணும் ஐயா. என் மகன் அங்க துப்பாக்கி பிடிச்சுக் காவல் நின்னான். அங்க எத்தனை தாய்மார் அழுதாங்களோ, அதுக்கெல்லாம் அவன் பதில் சொல்லணும். சிறையில போடுங்க. ஆனா இங்க போடுங்க. அவன் பிறந்தது இங்க, படிச்சது இங்க, கெட்டதும் இங்கதான், என் கண்ணு முன்னால. அந்தத் தப்புல எனக்கும் பங்கு உண்டு, உங்களுக்கும் உண்டு. ஒரே குத்தத்தை ரெண்டு பேர் செஞ்சாங்க. ஒருத்தனைத் தண்டிச்சீங்க, அவன் இன்னைக்கு நிமிர்ந்து நடக்கறான். இன்னொருத்தனை அடுத்த வீட்டு வாசல்ல கொண்டுபோய் விட்டுட்டுக் கதவைச் சாத்திட்டீங்க. அது தண்டனை இல்லைங்க, கை கழுவறது. நானும் பஸ் கதவைச் சாத்தினவன்தான். அதனாலதான் எனக்குத் தெரியுது.”

அப்போது திரையிலிருந்து கம்மிய குரல் வந்தது.

“அப்பா சொல்றது நிஜம். யெப்பெ, என்னை மன்னிச்சுடுடா.”

பத்து வருடத்தில் தாரிக் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

தீர்ப்பு இரண்டு வாரத்தில் வந்தது. குடியுரிமை பறித்தது செல்லும் என்றது. சஃபியே மூன்று நாள் கணவரிடம் பேசவில்லை. நான்காம் நாள் பெட்டியை எடுத்துவைத்து அவருடைய கம்பளிச் சட்டைகளை அடுக்கினாள்.

“நாடு அவனை விட்டுடுச்சு. நாமளும் விட்டா அவன் எங்க போவான்? நீங்க முதல்ல போய் அவனோட இருங்க. எனக்கு வேலையில விடுப்புக் கிடைச்சதும் வர்றேன்.” பிறகு, அவர் முகத்தைப் பார்க்காமலே, “அவன் மன்னிப்புக் கேட்டானே,” என்றாள்.

கிளம்பிய காலை காதிர்தான் தன் காரோடு வந்தான். பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டுத் தயங்கினான்.

“அண்ணே, என் பெரியவன் கொஞ்ச நாளா அறைக் கதவைச் சாத்திக்கிட்டு யார்கிட்டயோ பேசிட்டே இருக்கான். சரியாச் சாப்பிடறதும் இல்ல. வயசுக் கோளாறுதானே? தன்னால சரியாப் போயிடும்ல?”

வாஹித் அவன் தோளைப் பிடித்தார்.

“தன்னால சரியாப் போகாது, காதிர். நானும் அப்படித்தான் நினைச்சேன். என்னை ரயிலடியில விட்டுட்டு நேரா வீட்டுக்குப் போ. கதவைத் தட்டு, அவன் பக்கத்துல உக்காரு. அவன் சொல்றது உனக்குப் பிடிக்காது, இருந்தாலும் காது கொடு. பிள்ளை ஒரே நாள்ல தொலைஞ்சு போறதில்ல. நாம கேக்காம விட்ட ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாத் தொலையறான். ஒருவேளை தொலைஞ்சே போனாலும், தேடிப் போறவங்கதான் வீட்டு மனுஷங்க.”

காதிர் வண்டியைக் கிளப்பினான்.

நிறுத்தத்தருகே லிஸ்பெத் வேலைக்குப் போகும் உடுப்போடு நின்றிருந்தாள். கையில் சமையலறைக் குவளை. பக்கத்தில் மஞ்சள் சட்டையில் யெப்பெ. வண்டி அவர்களைக் கடந்ததும், ஏற்கெனவே மழையில் நனைந்திருந்த சாலையில், அவள் குவளையை அப்படியே கவிழ்த்தாள்.

“தண்ணி மாதிரிப் போயிட்டு வாங்க, வாஹித்!” என்று கத்தினாள். “அன்னைக்கு ஊத்தாமப் போன தாரிக்குக்கும் சேர்த்துத்தான் ஊத்தறேன்!”