கேமராவுக்குப் பின்னால் பதினொரு தடவை

மாவிஸ் கார்சைட் போல்டன் நகரத்து நாடகக் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் நடித்தவள். வாரத்துக்கு ஒரு புது நாடகம். திங்கட்கிழமை ஒன்று மேடையேறும். செவ்வாய் காலை பத்து மணிக்கே அடுத்ததற்கு ஒத்திகை. இந்த வாரம் வேலைக்காரியாக வந்து தேநீர் கொடுத்தவள், அடுத்த வாரம் அதே தேநீரில் விஷம் வைப்பாள், அதற்கடுத்த வாரம் ராணி. பார்க்க வருகிறவர்களும் அதே ஜனங்கள்தான். மீன் வறுவல் கடை வரிசையில் நிற்கும்போது, “போன வாரம் ரொம்ப நல்லா செத்தீங்க, மிஸ்” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். இப்படிப்பட்ட பாராட்டுகளை வாங்கி வாங்கியே அவளுக்கு நாற்பத்து நான்கு வயது ஆகிவிட்டது.

1954ஆம் வருடம் அக்டோபரில் லண்டனிலிருந்து சினிமா வாய்ப்பு வந்தது. ஒரே காட்சி. புயலில் மூழ்கிய கப்பலில் செத்துப்போன பையனின் தாய், உயிர் தப்பிய கேப்டனைப் பார்க்க வருகிறாள். கேப்டனாக நடிப்பவன் லயனல் ஹேவர். அவன் படம் வருகிற வாரம் ஊரில் பாதிப் பெண்கள் புதுத் தொப்பி வாங்குவார்கள். டைரக்டர் டெனிஸ் பாஸ்கோ போனில் சொன்னது மாவிஸுக்கு மனப்பாடம்: “சின்ன வேஷம்தான். ஆனா உங்களுக்குன்னு தனியா ஒரு க்ளோஸ்-அப் வச்சிருக்கேன்.”

கம்பெனி மானேஜர் விடுப்பு தர மாட்டேன் என்றார். மாவிஸ் வேலையையே விட்டாள். அக்கா டோரீன் தலையில் அடித்துக்கொண்டாள்.

“ஒரு நாள் கூத்துக்காக இருபத்திரண்டு வருஷத்த உதறுறியே, உனக்குப் பித்துப் பிடிச்சிருக்கா?”

“ஒரு நாள் இல்லக்கா. என் மூஞ்சி ஒரே ஒரு தடவை திரை நெறய வந்துட்டாப் போதும். அதுக்கப்புறம் அவங்களே என்னத் தேடி வருவாங்க. வரலைன்னா, நான் யாருன்னு இந்த ஊரத் தாண்டி ஒருத்தனுக்கும் தெரியாமலே போய்ச் சேருவேன்.”

ஸ்டுடியோவில் காலை எட்டு மணிக்கே அவளை ஒப்பனை செய்து உட்கார வைத்துவிட்டார்கள். முதலில் இருவரும் தெரிகிற மாதிரி ஒரு ஷாட். அதில் கேமராவுக்கு மாவிஸின் முதுகும் தொப்பியும்தான். பரவாயில்லை, நமக்குத்தான் தனியாக இருக்கிறதே என்று அவள் பொறுத்துக்கொண்டாள். அடுத்து கேப்டனின் க்ளோஸ்-அப்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் முகத்தை எடுக்கும்போது எதிரே பேச வேண்டியவர் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று தன் வசனத்தைச் சொல்ல வேண்டும். முகம் காட்டுகிறவர் பார்த்துப் பேச ஒரு ஆள் வேண்டுமே, அதற்காக. சினிமாவில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் அந்த நேரத்தில் வசனத்தைச் சும்மா முணுமுணுத்துவிட்டு, சரக்கையெல்லாம் தங்கள் முறைக்காகப் பத்திரமாக வைத்துக்கொள்வார்கள். மாவிஸுக்கு இது யார் சொல்லித் தந்தார்கள்? அவளை வளர்த்தது மேடை. பக்கத் தட்டிக்குப் பின்னால் நின்று ஒற்றை வார்த்தை கத்த வேண்டியிருந்தாலும் உயிரைக் கொடுத்துக் கத்த வேண்டும் என்பதுதான் அவளுக்குத் தெரிந்த ஒரே சட்டம்.

“அவனுக்கு நீச்சல் தெரியாதுன்னு உங்ககிட்ட சொன்னானா, கேப்டன்? சொல்லியிருக்க மாட்டான். வெக்கப்படுவான். என்கிட்ட மட்டுந்தான் சொன்னான். நான் அவன் சட்டைக்கு பித்தான் தச்சிக்கிட்டே, ‘கப்பல்ல போறவனுக்கு நீச்சல் எதுக்குடா’ன்னு சிரிச்சேன்.”

‘சிரிச்சேன்’ என்ற இடத்தில் அவள் குரல் உடைந்தது. கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. மேலே கூரையடியில் தொங்கிய பலகைகளில் விளக்குகளோடு நின்றவர்கள்கூட அசையவில்லை. ஒலிப்பதிவுக்காரர் காதுக்கருவியைக் கழற்றி மூக்கைச் சிந்தினார்.

லயனல் ஹேவருக்குத்தான் ஒன்றும் வரவில்லை. “மன்னிச்சுக்கோ மாவிஸ் கண்ணு, எனக்கு என்னமோ கல்லு மாதிரி இருக்கு. நீ அழுதாத்தான் எனக்கும் கொஞ்சம் கலங்குது. இன்னொரு தடவை அதே மாதிரி குடுப்பியா, என் செல்லம்?”

கொடுத்தாள். இரண்டாவது தடவை அவன் வசனத்தை மறந்தான். மூன்றாவதில் தும்மினான். நான்காவதில் அவனுக்கே திருப்தி இல்லை. ஒவ்வொரு தடவையும் மாவிஸ் அந்தப் பையனைப் புதிதாகப் பறிகொடுத்தாள். ஆறாவது முடிந்ததும் தேநீர் வண்டி வந்தது. விளக்குகளுக்குப் பொறுப்பான பெர்ட் டாம்லின் கோப்பையோடு அவள் பக்கத்தில் வந்து நின்றான். அந்தத் தளத்துத் தொழிலாளிகளுக்கு அவன்தான் சங்கத் தலைவன்.

“மிஸ், நான் சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. எல்லாத்தையும் இங்கயே கொட்டாதீங்க. உங்களுக்குன்னு கொஞ்சம் மிச்சம் வைங்க.”

“எதிர்ல நிக்கிறவரு நடிக்கிறப்ப நான் ஒப்புக்குப் பேசினா அது மரியாதையா, மிஸ்டர் டாம்லின்?”

“மரியாதையெல்லாம் பாத்தா இங்க பொழைக்க முடியாது, மிஸ். அவரு உங்கள ஊறுகாயா தொட்டுக்கிட்டிருக்காரு.”

மாவிஸுக்கு அது உறைக்கவில்லை. எப்படி உறைக்கும்? பதினோராவது தடவை லயனலின் இடது கண்ணில் ஒரு துளி திரண்டது. தளமே கைதட்டியது. அவன் ஓடி வந்து அவள் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டான். “எல்லாம் நீ குடுத்த பிச்சை, மாவிஸ்!” என்றான். மேல்கோட்டை மாட்டிக்கொண்டான். வாசலில் கார் நின்றது. பல் வைத்தியரைப் பார்க்க வேண்டுமாம்.

“அவர் என் க்ளோஸ்-அப்புக்கு நிக்க மாட்டாரா?” என்று மாவிஸ் டைரக்டரைக் கேட்டாள்.

“அவரோட ஒப்பந்தம் அஞ்சு மணி வரைக்குந்தான், மாவிஸ். பாமேலா வசனம் படிப்பா, கவலப்படாதீங்க.”

பாமேலா என்பவள் எந்த ஷாட்டில் யார் எந்தக் கையில் கையுறை வைத்திருந்தார் என்று குறிப்பெழுதும் பெண். அதைவிடப் பெரிய இடி அடுத்து இறங்கியது. மணி ஐந்து ஐந்து. ஐந்து இருபதுக்கு வேலை முடிகிறது. விளக்கை மாற்றி அமைக்கவே அரைமணி ஆகும்.

“நாளைக்கு எடுக்கலாமே?” என்றாள்.

பாஸ்கோ மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். “நாளைக்குக் காலையில இந்த செட்டைப் பிரிக்கிறாங்க.”

நேரத்துக்கு மேல் வேலை வேண்டுமென்றால் அங்கே ஒரு முறை இருந்தது. உதவி டைரக்டர் முன்கூட்டியே தொழிலாளிகளிடம் கேட்க வேண்டும். அவர்கள் கை தூக்கிச் சம்மதித்தால் கால்மணி கிடைக்கும். அதற்கு மேல் ஒரு நிமிடம்கூடக் கிடையாது. கேட்க வேண்டிய மனிதர் அன்று பார்த்துக் கேட்க மறந்திருந்தார். பாஸ்கோ போய் பெர்ட்டிடம் குழைந்தார்.

“முறைப்படி கேக்கல, முதலாளி. உங்களுக்காகன்னா முடியாதுன்னு சொல்லியிருப்பேன்” என்றான் பெர்ட். பிறகு மேலே பார்த்துக் கத்தினான். “ஏய்! நீச்சல் தெரியாத பையனோட அம்மாவுக்குக் கால்மணி. யாரு யாரு?”

பலகைகளின் மேலிருந்து ஒன்று பாக்கியில்லாமல் எல்லாக் கைகளும் உயர்ந்தன. அவர்கள் அரைமணி வேலையைப் பதினெட்டு நிமிடத்தில் முடித்தார்கள். மிச்சம் இருந்தது பன்னிரண்டு நிமிடம்.

கேமரா அவள் முகத்துக்கு இரண்டடி தூரத்தில் வந்து நின்றது. கேப்டன் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு விளக்குக் கம்பம், அதில் அவள் பார்க்க வேண்டிய இடத்தில் வெள்ளை நாடா. அதன் அடியில் முக்காலியில் பாமேலா. “சொல்லுங்க அம்மா உங்க மகன் என்ன வேலை பார்த்தான்” என்று சலவைக் கணக்கு வாசிக்கிற மாதிரி வாசித்தாள்.

மாவிஸ் வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை. இருபத்திரண்டு வருடத்தில், ஆயிரத்துச் சொச்சம் நாடகத்தில், வசனம் மறந்து அவள் நின்றதே இல்லை. “கட்” என்றார் பாஸ்கோ. இரண்டாவது தடவை வார்த்தை வந்தது, எழுத்துப் பிசகாமல் வந்தது, ஆனால் உள்ளே எதுவும் இல்லை. அழுகையைத் தேடினாள். பதினொரு தடவை வாரி இறைத்த இடத்தில் ஒரு சொட்டுகூட இல்லை. ஒரு கல்லை வைத்துக்கொண்டு அது பிள்ளை என்று சொன்ன மாதிரி இருந்தது. கண்ணீரே இல்லாத ஒரு பொம்பளையின் வறண்ட முகத்தைத்தான் கேமராவின் கண்ணாடி உற்றுப் பார்த்தது.

“இன்னொண்ணு,” என்று அவள் கத்தினாள். “இன்னும் ஒண்ணே ஒண்ணு! எனக்கு வரும்!”

பெர்ட் கடிகாரத்தைப் பார்த்தான். அவன் முகமே சரியில்லை. “நேரம் ஆச்சு, மிஸ்” என்றான். விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

“அருமையா இருந்தது. எடிட்டிங்ல பாத்துக்கலாம்” என்றார் பாஸ்கோ. எதைப் பார்த்துக்கொள்வார் என்பது மாவிஸுக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் ஆறு மாதம் நம்பிக்கொண்டிருந்தாள்.

போல்டனுக்குப் படம் வந்தது ஏப்ரலில். டோரீன் தெருவில் இருந்தவர்களையெல்லாம் கூட்டி வந்து இரண்டு வரிசை நிரப்பினாள். காட்சி வந்தது. ஒரு முதுகும் தொப்பியும் அறைக்குள் நுழைந்தன. பிறகு லயனல் ஹேவரின் முகம். அப்புறமும் லயனல் ஹேவரின் முகம். முடிகிற வரை அந்த முகம்தான். அதன் மேல், எங்கிருந்தோ, மாவிஸின் குரல். அந்தப் பதினோராவது தடவையை அப்படியே எடுத்து வைத்திருந்தார்கள். ‘சிரிச்சேன்’ என்று அது உடைந்தபோது கொட்டகை முழுக்க விம்மியது.

முன்வரிசைப் பெண் கைக்குட்டையைக் கடித்துக்கொண்டு தன் தோழியிடம் சொன்னாள்: “ஐயோ பாவம், எப்படி நடிக்கிறாரு பாரு அந்த மனுஷன்!”

மாவிஸ் எழுந்துவிட்டாள்.

“அழறது நான்!” என்றாள். “அவன் இல்ல! அங்க அழறது நான்!”

“உக்காரு மாவிஸ், மானம் போகுது” என்று டோரீன் அவள் கோட்டைப் பிடித்து இழுத்தாள். பின்னாலிருந்து யாரோ சீழ்க்கையடித்தார்கள். “ஏய் கிழவி, குடிச்சிருக்கியா?” என்று ஒரு குரல் வந்தது. நடைபாதையில் டார்ச்சோடு இடம் காட்டும் பெண் ஓடி வந்து வெளிச்சத்தை நேராக அவள் முகத்தில் அடித்தாள்.

“யாரும்மா அது கத்துறது?”

வெளிச்சம் பட்டதும் மாவிஸ் கத்துவதை நிறுத்தினாள். முகத்தைக் கொஞ்சம் தூக்கினாள், வெளிச்சம் அதில் முழுதாக விழுகிற மாதிரி. பிறகு, அவசரப்படாமல், பையனுக்கு நீச்சல் தெரியாததிலிருந்து ஆரம்பித்துப் பித்தான் தைத்தது வரை ஒன்றுவிடாமல் சொன்னாள். இப்போது கண்ணீர் வந்தது. முன்வரிசைப் பெண் திரையை விட்டுவிட்டு இவளைத் திரும்பிப் பார்த்தாள். டோரீன் அவள் கோட்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள். டார்ச்சுக்காரி அவள் முடிக்கிற வரை கையைத் தாழ்த்தவில்லை.

“ஆச்சுங்களா?” என்றாள் பிறகு, மெதுவாக. “வாங்கம்மா, வெளிய போலாம்.”