சூப் ஆறும் வரை

1.
பத்திரிகைக்காரர் என்னிடம் கதை கேட்கவில்லை. சமையல் பக்கத்துக்கு ‘சத்தான எலும்பு சூப்: மூன்று முறைகள்’ என்று ஒரு குறிப்புதான் கேட்டார். எனக்குச் சமையல் சுமார். குறிப்பு எழுதுவது அதைவிடச் சுமார். ஆனாலும் ஒப்புக்கொண்டேன். காரணம் அக்கா. வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்து வீட்டில் படுத்திருக்கிறாள், எதை நீட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். “உள்ள ஏதாவது போனாத்தான் உடம்பு தேறும், எலும்பு சூப்பாவது குடிக்க வைங்க” என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

2.
முதல் தொடக்கம்: “எலும்புகளை ஒரு கொதி விட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடவும். அழுக்கெல்லாம் நுரையோடு…” (தகவல் சரி. இதில் அக்கா இல்லை. அடித்தாயிற்று.)

இரண்டாவது: “மெல்லிய தீயில் எலும்பு ஒரு முனிவரைப் போல…” (சே.)

மூன்றாவது: மாமாவிலிருந்து தொடங்கலாம்.

3.
மாமா, அதாவது அக்காவின் கணவர், லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்களிடம் கதவுக்கு வெளியே நின்று நிதானமாகப் பேசிப் பழகியவர். அவசரம் அவருக்கு ஆகாது. எலும்பை முதலில் சட்டியில் சிவக்க வறுக்க வேண்டும் என்பதில் எங்களுக்குள் சண்டை இல்லை. அதற்குப் பிறகு நான் குக்கர் கட்சி, அவர் சின்னத் தீ கட்சி.

“குக்கர்ல போட்டா பஞ்சா வெந்துடும் மாமா.”

“குக்கர்ல எலும்பு பயந்து சாறு விடும். சின்னத் தீயில மனசார விடும். உங்கக்காவுக்கு மனசார விட்டதுதான் வேணும்.”

லீவு போட்டுவிட்டுக் காலையிலிருந்து அடுப்படியிலேயே நின்றார். ஒரு கரண்டி வினிகர் விட்டார். எலும்பிலிருக்கிற சத்து இறங்குமாம். நுரையை எடுத்துக்கொண்டே இருந்தார்.

[மாமாவை ரொம்ப நல்லவராக எழுதுகிறேனோ? ஈரத் துண்டைக் கட்டில்மேல் போடுகிறவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.]

4.
எங்கள் வீட்டில் தினமும் சோறு வடிப்பது மாமாதான். இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

சாயங்காலம் சூப் தேன் நிறத்துக்கு வந்தது. மாமா சிங்க்கில் வடிகட்டியை வைத்தார். பானையைத் துணியால் பிடித்துத் தூக்கினார், சாய்த்தார். நான் பக்கத்தில்தான் கிண்ணம் துடைத்துக்கொண்டு நின்றேன். இரண்டு பேருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. வடிகட்டியில் எலும்பு தங்கியது. சூப் மொத்தமும் குழாயோடு போய்விட்டது.

“எலும்பு இருக்கு…” என்றார் மாமா. கண் கலங்கிவிட்டது.

(இங்கே ஒரு தத்துவம் வர வேண்டும்: வாழ்க்கையில் நாம் எதைத் தக்கவைத்துக்கொண்டு எதை… வேண்டாம். மனிதர் அழுதுகொண்டிருக்கிறார்.)

5.
சத்தமே இல்லாததால் சந்தேகப்பட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு அக்கா தானே எழுந்து வந்தாள். சிங்க்கைப் பார்த்தாள். மாமாவைப் பார்த்தாள்.

“வடிச்சிட்டீங்களா?”

தையல்மேல் கையை அழுத்திக்கொண்டு சிரித்தாள். “ஐயோ, வலிக்குது… இனிமே இந்த சிங்க்குக்கு மூட்டு வலியே வராது.”

எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு! ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு என்னிடம் சொன்னாள்: “அதையே குக்கர்ல போடுடி. எலும்புல இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கும்.” தண்ணீரை மாமாவே ஊற்றினார்.

6.
முடிவுகள்:

அ) அக்கா குடித்துவிட்டு இன்னொரு கிண்ணம் கேட்டாள். (பத்திரிகைக்குப் பிடிக்கும்.)

ஆ) ஒரு வாயோடு வைத்துவிட்டாள். (எழுதவே கை வரவில்லை.)

குக்கர் விசிலடித்துக்கொண்டிருந்தபோதுதான் இவ்வளவையும் அடுப்படி மேஜையில் எழுதினேன். இப்போது வடிகட்டியாயிற்று. கீழே பாத்திரம் இருக்கிறதா என்று மூன்று பேருமே குனிந்து பார்த்தோம். கிண்ணம் அக்கா கையில். முடிவு ‘அ’வை எட்டிப் படித்துவிட்டாள்.

“நான் இன்னும் வாயிலயே வைக்கல, அதுக்குள்ள குடிச்சிட்டேன்னு எழுதிட்டியா?”

“குடி, மாத்தாம விட்டுடறேன்.”

“சுடுது. ஆறட்டும்.”

ஆனால் கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை. அவள் குடிக்க வேண்டும். எனக்கு வேறெதுவும் வேண்டாம். எழுதியெல்லாம் அவளைக் குடிக்க வைக்க முடியாது. நாங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தால் வீம்புக்கு வைத்துவிடுவாள். அதனால் மாமாவை இழுத்துக்கொண்டு நான் வெளியே போகிறேன். நீங்கள் மட்டும் அவள்கூட இருங்கள். உற்றுப் பார்க்காதீர்கள்.