காலடியில் கசடு

மூன்று வருடமாக நான் தற்காலிக டீச்சர். இன்று ஒன்பதாம் வகுப்புக்கு நான் பாடம் எடுப்பதைத் தலைமையாசிரியை ஞானபாக்கியம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பார். பார்த்துவிட்டு வேலையை நிரந்தரமாக்குவார், அல்லது வீட்டுக்கு அனுப்புவார். பாடம், பூமிக்குள் இருக்கும் அடுக்குகள்.

எல்லோரும் தெர்மோகோல் உருண்டையை வெட்டிச் சிவப்பு, மஞ்சள் பெயிண்ட் அடித்துக் காட்டுவார்கள். அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பூமி என்ன பிறந்தநாள் கேக்கா?

என் கணவர் செங்குட்டுவன் திருவொற்றியூரில் இரும்பை உருக்கி வார்க்கும் பட்டறையில் வேலை செய்கிறார். போன மாதம் சாப்பாடு கொடுக்கப் போனபோது பார்த்தேன். பெரிய வாளியில் இரும்பு தளதளவென்று கிடந்தது. அதன்மேல் உருகிய கல், பாலில் ஆடை மாதிரி மிதந்தது. நீளக் கம்பியால் அந்தக் கசடை மட்டும் வழித்து ஒதுக்கினார். ஒரு சொட்டு இரும்பு கூட வரவில்லை. கல்யாணமாகி ஆறு வருடத்தில் அன்றைக்குத்தான் இந்த மனுஷனை வாயைப் பிளந்து பார்த்தேன்.

"கல்லு லேசு, மேல வந்துடும். இரும்பு கனம், கீழ பூடும். அவ்ளோதான் மேட்டரு" என்றார்.

பூமி பிறந்த கதையும் அதுதான். எல்லாம் உருகிக் கிடந்த காலத்தில் இரும்பு நடுவுக்கு இறங்கிக் கருவம் ஆனது. கல் மேலே தங்கிக் கவசமும் மேலோடும் ஆனது. நினைக்க நினைக்க எனக்கு மெய் சிலிர்த்தது. ஒரே வாளியிலிருந்து இரும்பு ஒரு கட்டி, கசடு ஒரு கட்டி வேண்டும் என்று கேட்டிருந்தேன். காலையில் அவரே டப்பாவில் போட்டுக் கொடுத்தார்.

மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது டப்பாவைத் திறந்தேன். பளபளவென்று தேய்த்த இரும்பு மட்டும் இருந்தது. போன் போட்டேன்.

"யோவ், கசடு எங்கய்யா?"

"இன்னாமே, வேல கேக்கற எடத்துக்கு அந்தக் கலீஜ எத்துக்கினு போவியா? மானம் பூடும்னு தூக்கிப் போட்டேன். ராவெல்லாம் இரும்பத் தேச்சிகினு இருந்தேன், பாத்தியா?"

திட்டுவதற்கு நேரமில்லை. வராந்தாவிலேயே நின்றேன். அழுகை முட்டியது. எதிரே பள்ளி மைதானம். மழைத் தண்ணீர் தேங்குகிறது என்று போன வருடம்தான் லாரி லாரியாகப் பட்டறைக் கசடைக் கொட்டி மேடாக்கியிருந்தார்கள். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வகுப்பு முழுவதையும் வெயிலுக்கு அழைத்து வந்தேன். தலைமையாசிரியை முகம் சுளித்தபடி பின்னாலேயே வந்தார். குனிந்து, இரும்பின் அளவுக்கே ஒரு கசடுக் கட்டியை எடுத்து அவர் ஒரு கையில் வைத்தேன். மறு கையில் இரும்பை வைத்தேன். இரும்பின் கனத்தில் அந்தக் கை சட்டென்று தாழ்ந்தது. பட்டறை வாளியில் கல் மிதந்து இரும்பு இறங்குவதையும், பூமியும் அப்படித்தான் பிரிந்தது என்பதையும் சொன்னேன்.

"ரெண்டும் ஒரே வாளியில உள்ளதா டீச்சர்?" என்று கேட்டார் தலைமையாசிரியை.

"வாளி வேற மேடம், பிரிஞ்ச விதம் ஒண்ணுதான். இரும்பு அடிக்குப் போயிடுச்சு. மேல மிதந்ததுமேலதான் உலகமே நிக்குது."

அவர் தன் காலடியைப் பார்த்தார். பிள்ளைகளும் பார்த்தார்கள்.

சாயங்காலம் வேலை உறுதி என்று சொன்னதும் செங்குட்டுவன், "எல்லாம் என் பாலிஷ்தான்" என்றார்.

"இல்லய்யா, நீ தூக்கிப் போட்டதுதான்" என்று நடந்ததைச் சொன்னேன். அவர் வாசலுக்குப் போய், ராத்திரி தூக்கி எறிந்த கசடுக் கட்டியைத் தேடி எடுத்து, லுங்கியில் துடைத்து, டி.வி. மேல் வைத்தார்.