மூணாம் பக்கத்தில் எழுதின தப்பு

செஞ்சி ஆட்டுச் சந்தையில் ரஞ்சிதத்தை ஏமாற்ற இனிமேல்தான் ஒருத்தன் பொறந்து வரணும். உப்புத்தண்ணி குடிக்கவச்சு வயிறு ஊதவிட்ட கெடாவைப் பத்தடி தள்ளி நின்றே சொல்லிவிடுவாள். அப்பேர்ப்பட்டவள் போன ஆடியில் நாற்பது ஆட்டையும் பட்டியிலேயே அடைத்துவிட்டு, தலையில் தழைக்கட்டு சுமந்து அலைந்தாள்.

புருஷன் வழிப் பங்காளி பச்சைமுத்து பண்ணின வேலை அது. பட்டிக்குப் போகிற வண்டிப்பாதையில் கல்லுக்கால் நட்டுக் கம்பிவேலி போட்டுவிட்டார். மற்ற மூணு பக்கமும் மல்லாட்டைக் கொல்லை. நிலக்கடலைக்கு எங்கள் பக்கம் அதுதான் பேர். மனுஷி வரப்பு மேலே போய்வரலாம். பச்சைச் செடியைப் பார்த்துக்கொண்டே வாயைக் கட்டி வர ஆடு என்ன விரதமா இருக்குது? இன்னும் ஒரு மாசம் இப்படிப் போனால் ஆடெல்லாம் எலும்பாகிவிடும், வந்த விலைக்குத் தள்ள வேண்டியதுதான். ஆடு போச்சுன்னா அவளுக்குச் சோறு போச்சு.

ஊரில் பேசிப் பார்த்தாள், ஸ்டேஷனில் பேசிப் பார்த்தாள். கோர்ட்டுக்குப் போ என்றார்கள். "போறேன். எனக்கு இன்னா பயமா?" என்று கிளம்பிவிட்டாள்.

டீக்கடைக்காரர் கைகாட்டிய முதல் வக்கீல், அவள் கொண்டுபோன நிலப் பத்திரத்தைக் கையால்கூடத் தொடவில்லை. "நூத்துக்கு நூறு நாமதாம்மா ஜெயிப்போம், சத்தியமா சொல்றேன். இதுல கையெழுத்துப் போடு" என்று ஒன்றும் எழுதாத தாளை நீட்டினார். ரஞ்சிதம் எழுந்து வந்துவிட்டாள். சந்தையில் எவன் சத்தியம் பண்ணி விற்கிறானோ, அவன் ஆட்டுக்குத்தான் கழிச்சல் இருக்கும். அடப்பாவி, ஆட்டைப் பார்க்காமலே பல்லு எத்தனைன்னு சொல்றியே!

அப்புறம் அவள் செய்ததுதான் கெட்டிக்காரத்தனம். வெள்ளிக்கிழமை சந்தை முடிந்த கையோடு கோர்ட்டுக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். திங்களும் செவ்வாயும் அதே பெஞ்ச். எல்லா வக்கீலையும் ஆட்டைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். ஒருத்தர் நல்லாக் கத்தினார், ஆனால் ஜட்ஜ் தேதி கேட்டால் கேஸ் கட்டைப் புரட்டினார். இன்னொருத்தருக்குத் தன் கட்சிக்காரர் யாரென்றே தெரியவில்லை. ஜெஸிமா என்று ஒரு பெண் வக்கீல் மட்டும் கட்டைத் திறக்காமலே பதில் சொன்னார். வெளியே வந்து, தன்னை நம்பி வந்த கிழவருக்கு உள்ளே என்ன நடந்தது என்று மரத்தடியில் நின்று பொறுமையாக விளக்கினார். சரி, இவங்கதான்.

ஜெராக்ஸ் கடை மாடியில் ஜெஸிமாவின் ஆபீஸ். மாமனார் காலத்துப் பாகப்பத்திரத்தை வரிவரியாகப் படித்தார். "வண்டிப்பாதை இதுல எழுதியிருக்கும்மா. நல்ல பலம். ஆனா ஜெயிப்போம்னு நான் வாக்குக் குடுக்கமாட்டேன். பச்சைமுத்து உங்களைப் பத்தி என்ன சொல்வாரு?"

"அவரு இன்னா சொல்வாரு மேடம், பொய்தான் சொல்வாரு."

ஜெஸிமா அதையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டார்.

ரெண்டு நாள் கழித்து மனுவைத் தயார் பண்ணி, முழுசும் வாய்விட்டுப் படித்துக் காட்டினார். "இது சத்தியம் பண்ற தாளும்மா. யோசிச்சுக் கையெழுத்துப் போடுங்க."

சத்தியம் என்றதும் ரஞ்சிதத்தின் பேனா நின்றுவிட்டது. எவன் சத்தியம் பண்ணி விற்கிறானோ... சே, அந்தக் கழிச்சல் ஆட்டுக்காரி இப்போ நானா? சொன்னால் கேஸைத் தூக்கி மூஞ்சியில் எறிந்துவிடுவார்களோ என்று பயந்தாள். இருந்தாலும் சொல்லிவிட்டாள்.

"மேடம், வேலி போட்ட மறுநாளே கம்பியை நான்தான் வெட்டிட்டேன். ஆடெல்லாம் பூந்து அவரு கொல்லையில பாதியை மேஞ்சுடுச்சு. அப்புறந்தான் அவரு மறுபடியும் கம்பி கட்டினாரு."

ஜெஸிமா கோபப்படவில்லை. அந்த இடத்திலேயே மனுவைத் திருத்தி, மூணாம் பக்கத்தில் அதை அப்படியே எழுதினார். பயிருக்கு நஷ்டம் தரத் தயார் என்றும் சேர்த்தார். இப்போது ரஞ்சிதத்துக்குத்தான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நம்ம குறையை நாமே எழுதிக் குடுக்கறதா? சந்தையில இப்படிச் சொன்னா ஒரு குட்டி விக்குமா?"

"வாங்க வர்றவன்கிட்ட மறைக்கிறீங்க, சரி. நான் வாங்க வந்தவ இல்லம்மா. உங்க ஆட்டைச் சந்தைக்கு ஓட்டிட்டுப் போறவ. நொண்டின்னு எனக்கே தெரியலன்னா, நடுச்சந்தையில நான் இன்னாத்த பேசறது?"

ரஞ்சிதம் பேனாவை எடுத்தாள். கையெழுத்துப் போட்டாள்.

விசாரணை அன்றைக்குப் பச்சைமுத்துவின் வக்கீல் கல்யாண மாப்பிள்ளை மாதிரி எழுந்தார். செல்போனை உயர்த்திப் பிடித்தார். "இந்தம்மா கம்பியை வெட்டுற வீடியோ இருக்குதுங்க ஐயா! குத்தம் பண்ணிட்டு நியாயம் கேட்டு வந்திருக்காங்க!"

ஜட்ஜ் நிதானமாக மனுவைப் புரட்டினார்.

"இதை மூணாம் பக்கத்துல அவங்களே சொல்லியிருக்காங்களே. வேற ஏதாவது இருக்குதா?"

வேறு ஒன்றுமில்லை. மொத்த வண்டியையும் அந்த ஒரு மாட்டை நம்பித்தான் பூட்டியிருந்தார்கள். வழக்கு முடிகிறவரை பாதையை அடைக்கக் கூடாது, வேலியைப் பிடுங்கணும், பயிர் நஷ்டத்தை ரஞ்சிதம் கட்டணும் என்று உத்தரவாச்சு. கட்டுறேன், நல்லாக் கட்டுறேன் என்று படியிறங்கும்போது அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

வேலி பிடுங்கின அன்றே பட்டியைத் திறந்துவிட்டாள். பச்சைமுத்து கொல்லை ஓரம் நின்றிருந்தார். ஆடுகள் பாதி தாண்டியதும் தொண்டையைச் செருமினார்.

"ஏன் ரஞ்சிதம், அந்த வக்கீலம்மா நம்பர் இன்னா? என் தம்பியோட ஒரு எல்லைத் தகராறு இருக்குது..."

"நல்லாருக்குது மாமா நியாயம்! நம்ம கேஸே இன்னும் முடியல, என் எதிராளிக்கு அவங்க எப்படி வருவாங்க? போய் மூணு நாள் கடைசி பெஞ்சுல உக்காருங்க, நல்ல ஆளு தானா கண்ணுக்குத் தெரியும். ஆனா ஒண்ணு. யாரைப் புடிச்சாலும், ராத்திரியோட ராத்திரியா தம்பி பக்கம் ரெண்டடி தள்ளி நட்டீங்களே ஒரு எல்லைக்கல்லு, அதை முதல்ல சொல்லிடுங்க."

ரஞ்சிதம் கோலைத் தட்டிக்கொண்டு, வண்டிப்பாதையின் நட்டநடுவில், மலையடி மேய்ச்சலுக்கு ஆடுகளை ஓட்டிப் போனாள்.