சோளக்காட்டில் கதை கேட்டவள்

மேப்பிள் மரத்தில் முதல் கிளை சிவந்துவிட்டால் அடுத்து வரும் சனிக்கிழமை எங்கள் வீட்டில் திருவிழாதான். எங்கள் தோழி லொரெட்டின் தோட்டத்துக்குப் போய் ஆப்பிள் பறிப்போம், பிள்ளைகள் இலை பொறுக்குவார்கள், பிறகு கம்பளி விரித்துக் கதை படிப்போம். அந்த வருடம் என் கணவர் ரெஜான் தானே ஒரு கதை எழுதியிருந்தார். ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவருக்கு இது எங்கிருந்து வந்ததோ, எனக்கே அவர் காட்டவில்லை.

கடைசி ஆப்பிள் மரத்தடியில் உட்கார்ந்தோம். எங்களுக்குப் பின்னால் ஆளுயர மக்காச்சோளம், பாதி காய்ந்து நின்றது. மூன்று மணி வெயில். காற்றே இல்லை.

ரெஜான் நோட்டைப் பிரித்தார். நீலத் தொப்பி போட்ட ஒரு சிறுமி இலை பொறுக்கக் காட்டுக்குப் போகிற கதை.

"அவள் மூன்று இலைகள் எடுத்தாள்" என்று படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார்.

"ஒண்ணு அம்மாவுக்கு" என்றது ஒரு சின்னக் குரல்.

ரெஜான் சிரித்தார். "ஜினெட், நீ எப்ப என் நோட்டைத் திருடின?"

ஐந்து வயது ஜினெட் வாய் நிறைய ஆப்பிளோடு இல்லையென்று தலையை ஆட்டினாள். மூத்தவள் ஓடில் என் தோளில் சாய்ந்திருந்தாள். அவள் உதடு அசையவில்லை.

"ஒன்று அம்மாவுக்கு" என்று ரெஜான் மெதுவாகப் படித்தார். "இன்னொன்று..."

"குதிரைக்கு" என்றது சோளக்காடு.

"யாருக்காவது படிச்சுக் காட்டினியா?" என்று அவரிடம் கேட்டேன்.

"யாருக்கும் காட்டல, கொலெட். காலையில காபி குடிக்கும்போதுதான் எழுதி முடிச்சேன்."

நான் எழுந்துபோய்ச் சோளத்தட்டைகளை விலக்கிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. ஆனால் இரண்டு வரிசைகளுக்கு நடுவே ஒரு குழந்தை உட்காரும் அளவுக்கு இலைகள் நசுங்கிக் கிடந்தன. தொட்டேன். அந்த இடம் மட்டும் ஜில்லென்று இருந்தது.

"அப்புறம்?" என்றது குரல், என் முழங்கால் உயரத்திலிருந்து.

நான் பின்னால் நகர்ந்து பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டேன். ஜினெட்டுக்கோ பயமே இல்லை. "உனக்குத்தான் எல்லாம் தெரியுமே! நீயே சொல்லேன்" என்றாள்.

குரல் இப்போது இன்னும் சின்னதாக வந்தது.

"இதுவரைக்கும்தான் தெரியும்."

ரெஜானின் விரல் நோட்டில் அப்படியே நின்றுவிட்டது. கடைசி வரிகளை அவர் தோளுக்கு மேலாகப் பார்த்தேன். சிறுமி களைத்துப் படுக்கிறாள், இலைகள் உதிர்ந்து அவளை மூடுகின்றன, அவள் பனிக்காலம் முழுக்கத் தூங்குகிறாள். அழகாக இருக்கும் என்று நினைத்துத்தான் எழுதியிருப்பார்.

"அதைப் படிக்காத" என்றேன்.

அவர் நோட்டை மூடினார். சோளக்காட்டைப் பார்த்தே பேசினார். பஸ்ஸில் பயந்த குழந்தையிடம் அவர் பேசுகிற குரல் அது.

"அவ அம்மா வாசலுக்கு வந்தா. 'இலை பொறுக்கினது போதும்டி. சூப் ஆறுது, ஓடி வா'ன்னு கூப்பிட்டா. இவளுக்கு அது நல்லாக் கேட்டுச்சு. உடனே எழுந்து ஓடினா. கதவு திறந்தேதான் இருந்துச்சு."

சோளத்தட்டைகள் சலசலத்தன. அந்த அசைவு ஒரு கோடு மாதிரி, தட்டை தட்டையாக, எங்களை விட்டு விலகி வடக்குப் பக்கம் போனது. பிள்ளைகள் ஓடும்போது பிஞ்சுக் கால்கள் தரையில் படுமே, அந்தச் சத்தமும் கேட்டது. பிறகு எல்லாம் அடங்கிவிட்டது.

கூடைகளைத் தூக்கிக்கொண்டு கிட்டத்தட்ட ஓடினோம். நடந்ததை லொரெட்டிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை.

"எந்தப் பக்கமா ஓடுச்சு?"

வடக்கே கை காட்டினேன்.

"அங்க இப்ப வெறும் அஸ்திவாரக் கல்லுதான் கிடக்கு. வீடு இருந்தது எங்க தாத்தா காலத்துல. இலை பொறுக்கப் போன அந்த வீட்டுப் பொண்ணு திரும்பி வரலையாம்" என்றாள். ஊற்றிக்கொண்டிருந்த ஆப்பிள் சாற்றுக் குடுவையைக் கீழே வைத்தாள். "அந்தக் குரலைக் கேட்டு எத்தனையோ பேர் பயந்து ஓடியிருக்காங்க. யாரும் அவளை வீட்டுக்குப் போன்னு சொன்னதில்ல."

காரில் ஓடில் மெல்லக் கேட்டாள், "அவ போய்ச் சேர்ந்திருப்பாளா, அப்பா?"

"சேர்ந்திருப்பா."

அடுத்த வருடமும் போனோம். வேண்டாம் என்று நான்தான் சொன்னேன், பிள்ளைகள் கேட்கவில்லை. ரெஜான் புதுக் கதை ஒன்றைப் படித்தார். ஒவ்வொரு வரிக்குப் பிறகும் ஜினெட் விரலை உதட்டில் வைத்து எங்களைப் பேசவிடாமல் காத்திருந்தாள். பதில் வரவில்லை. நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனாலும் கதை முடிந்த பிறகு, நாங்கள் நால்வரும் வெகுநேரம் அந்தச் சோளக்காட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம்.