மொழிபெயர்க்க வந்தவன்

பதிவுத் தபாலில் வந்த உறையைக் கையெழுத்துப் போட்டு வாங்கியது யோசெப். கிறேஸ் தலையைத் துவட்டிக்கொண்டு குளியலறையிலிருந்து வெளியே வந்தபோது, அவன் சமையலறை மேசையில் கடதாசிகளைப் பரப்பிவைத்து, தனக்கு விளங்காத பிரெஞ்சுக்கு நடுவில் அவளுடைய பெயரை மட்டும் விரலால் தொட்டுக்கொண்டிருந்தான்.

"உன்ர பேரில வழக்குப் போட்டிருக்கிறாங்கள் போல கிடக்கு. என்ன இது?"

அவளுக்குத் தெரியும். இதற்கு முன் வந்த இரண்டு கடிதங்களையும் அவளே கிழித்துக் குப்பையில் போட்டிருந்தாள். டவுன்டவுனில் ஒரு கட்டடத்தின் பின்னால் இருந்த தனியார் வாகனத் தரிப்பிடத்தில் கட்டணம் செலுத்தாமல் தங்கள் வான் வண்டியை நிறுத்தினாள் என்பது குற்றச்சாட்டு. தரிப்பிடத்தை நடத்துகிற கொம்பனி இப்போது அதைச் சிறு வழக்குகளுக்கான நீதிமன்றத்துக்குக் கொண்டுபோயிருந்தது. வேறு வழியில்லாமல் அவனுக்கு வாசித்துச் சொன்னாள்.

"பெப்ரவரியில அங்க என்னத்துக்குப் போனனி?"

"சப்பாத்து வாங்க."

"காசு கட்டவேணும் எண்டு போர்ட் இருந்ததோ?"

"நான் காணேல்ல. எல்லாம் பனி. இஞ்சாருங்கோ, கட்டி முடிச்சுவிடுவம். ஏன் கரைச்சல்?"

"போர்ட் இல்லாத இடத்தில என்னெண்டு காசு கேப்பாங்கள்? பிழை செய்யாமல் நான் கட்டமாட்டன்," என்றான் யோசெப். துறைமுகப் பக்கத்துக் களஞ்சியம் ஒன்றில் பதின்மூன்று வருடமாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். ஒரு முடிவுக்கு வந்தால் அதிலிருந்து அசையமாட்டான். அடுத்த வாரமே மறுப்பு மனு போய்விட்டது.

போர்டைக் காணவில்லை என்று அவள் சொன்னது உண்மை. சப்பாத்து பொய். அன்று அவள் வானில் ஏற்றிக்கொண்டு போனது தக்ஷினியை. இவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்த திருகோணமலைப் பெண். அவளுடைய பாஸ்போர்ட்டைப் புருஷன் ஸ்ரீதரன் தன் வேலையிடத்து லொக்கரில் வைத்துப் பூட்டியிருந்தான். வெளியே போகும்போது கதவையும் பூட்டுவான். அவள் கழுத்தில் இருந்த காயத்தை கிறேஸ் சலவை மெஷின் அறையில் ஒருநாள் தற்செயலாகக் கண்டாள். பிறகு, இப்படிப்பட்ட பெண்களுக்கு உதவுகிற டவுன்டவுன் அலுவலகம் ஒன்றின் தொலைபேசி இலக்கத்தைத் தேடிக் கொடுத்ததும், அங்கே கூட்டிக்கொண்டு போனதும் அவள்தான். தக்ஷினி அங்கிருந்து திரும்பி வரவில்லை.

யோசெப்புக்கு இது தெரியாது. ஸ்ரீதரன் அவனோடு ஒரே களஞ்சியத்தில் வேலை செய்கிறவன். மனுசி விட்டுட்டுப் போன பாவம் என்று யோசெப் அவனை ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிடக் கூப்பிடுவான். கிறேஸ் மீன்குழம்பை அவன் சோற்றுக் கோப்பையில் ஊற்றும்போது அவன் ஒவ்வொரு முறையும் அதையே சொல்லுவான்.

"ஆரோ ஒராள் கூட்டிக்கொண்டு போயிருக்கு அக்கா. அவளுக்குத் தனியா பஸ் ஏறவும் தெரியாது. ஆரெண்டு ஒருநாள் பிடிப்பன்."

விசாரணைக்குத் திகதி வந்தது நவம்பரில். அதற்கு ஒரு மாதம் முன்பு, கிறேஸ் தான் வேலை செய்யும் ஹோட்டல் சமையலறையில் மத்தியான இடைவேளை எடுத்துக்கொண்டு தனியாக நீதிமன்றக் காரியாலயத்துக்குப் போனாள். கொம்பனி கொடுத்த ஆதாரங்களைப் பார்க்கவேண்டும் என்று தன் சமையலறைப் பிரெஞ்சில் கேட்டாள். அங்கிருந்த பெண் வழக்குக் கோப்பை எடுத்து அவள்முன் திறந்தாள்.

ஒரு புகைப்படம். வானின் பின்பக்கம், நம்பர்த் தகடு. பின்கதவு திறந்திருந்தது. பெட்டியை இறக்கிக்கொண்டிருந்த தக்ஷினி யாரோ கூப்பிட்டதுபோல் திரும்பிப் பார்த்திருந்தாள். முகம் அப்பட்டமாகத் தெரிந்தது. கிறேஸ் அந்த அலுவலகத்துக்குள் பேசிக்கொண்டிருந்த நேரம், பெட்டியை எடுக்க வான் சாவியோடு தனியாக வந்தவள். படமெடுத்தவனைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை.

கிறேஸ் கோப்பைத் தன் பக்கம் இழுத்தாள். மறுபடி பார்த்தாள். தக்ஷினியின் தலைக்கு மேலே ஒரு கம்பம். கம்பத்தில் ஒரு பலகை. பலகை முழுக்கப் பனி அப்பியிருந்தது. ஒரு எழுத்துக்கூடத் தெரியவில்லை. வழக்கை வெல்லவேண்டுமானால் நீதிபதிக்கு இந்தப் படத்தைத்தான் விரல் வைத்துக் காட்டவேண்டும்.

காட்டினால் என்ன, யோசெப் மட்டும்தானே வருவான், அவனுக்கு எப்படியாவது சொல்லிவிடலாம் என்று மெட்ரோவில் திரும்பிவரும்போது மனதைத் தேற்றிக்கொண்டாள். ஆனால் சொல்லவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டாள். விசாரணைக்கு முதல்நாள் சாப்பிடும்போது யோசெப் சொன்னான்:

"ஸ்ரீதரனும் நாளைக்கு வாறான். நீ நீதிபதிக்கு முன்னால திக்குவாய். அவன் வடிவா பிரெஞ்சு கதைப்பான். லீவு போட்டிட்டான்."

"வேண்டாம். நான் கதைப்பன்."

"சொல்லியாச்சு. இனி வேண்டாம் எண்டால் என்ன நினைப்பான்?"

அன்றிரவு அவள் நித்திரை கொள்ளவில்லை.

காலையில் ஸ்ரீதரன் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்து வானின் பின்சீட்டில் ஏறினான். அன்று தக்ஷினியின் பெட்டி கிடந்த இடத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தான். வழி முழுக்க உற்சாகமாக இருந்தான். "பயப்பிடாதீங்க அக்கா. ஆதாரம் எல்லாத்தையும் நான் ஒருக்காப் பாத்தால் போதும்," என்றான்.

நீதிமன்றத்தின் நீண்ட நடையில் உட்கார்ந்திருக்க மர வாங்குகள் போட்டிருந்தார்கள். கொம்பனியின் ஆள் எதிரே இருந்தான். பற்றிக் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டான். அவன் மடியில் ஒரு மஞ்சள் உறை. ஸ்ரீதரன் அவனிடம் எழுந்துபோகத் தயாரானான்.

"தம்பி," என்றாள் கிறேஸ். குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது. "வானை விட்ட இடத்து மீற்றரில நேரம் முடியப்போகுது. அதுக்கும் வழக்கு வந்தாலும் வரும். ஓடிப்போய்க் காசு போட்டிட்டு வாரும்."

அவன் சிரித்துவிட்டுப் போனான். லிஃப்ட் கதவு மூடும்வரை பார்த்துக்கொண்டிருந்து, பிறகு அவள் யோசெப்பின் கையைப் பிடித்தாள்.

"நான் சப்பாத்து வாங்கப் போகேல்ல. தக்ஷினியைக் கொண்டுபோய் விடப் போனனான். அந்த உறைக்குள்ள இருக்கிற படத்தில அவள் நிக்கிறாள்."

யோசெப் அவளைப் பார்த்தான். பிறகு லிஃப்ட் பக்கம் திரும்பினான்.

"ஸ்ரீதரன் அவளை அடிச்சவன். கதவைப் பூட்டி வைச்சிருந்தவன். காயத்தை நான் கண்ணால கண்டனான்."

"எங்கட வீட்டில இருந்து சாப்பிடுறான்," என்றான் யோசெப் மெதுவாக. அது யாருக்கு எதிராகச் சொன்ன வார்த்தை என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் நேரமில்லை. நீதிமன்ற எழுதுவினைஞர் கதவைத் திறந்து அவள் பெயரைக் கூப்பிட்டார்.

நீதிபதி வயதான பெண். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றாள் கிறேஸ். பற்றிக் எழுந்து, பலகை எப்போதும் அங்கேதான் இருக்கிறது, கட்டணம் அதில் தெளிவாக எழுதியிருக்கிறது என்றான். படத்தின் ஒரு பிரதியை நீதிபதியிடம் கொடுத்தான். இன்னொன்றைத் தன் மேசையில், வாசலைப் பார்த்தபடி ஒரு கோப்பில் சாய்த்து வைத்தான்.

"நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

வினைச்சொற்கள் எல்லாம் பிழையாகத்தான் வந்தன. இருந்தாலும் சொன்னாள். பலகையைப் பாருங்கள், மேடம். பனி. நான் வந்தபோதும் இப்படித்தான் இருந்தது. வாசிக்க முடியாததை நான் எப்படி ஒப்புக்கொள்வது?

நீதிபதி கண்ணாடியைச் சரிசெய்து படத்தைப் பார்த்தார். "படத்தில் நிற்கும் இந்தப் பெண் யார்?"

"என்னோடு வந்தவர்."

"அவர் சாட்சி சொல்ல வருவாரா?"

"வர முடியாது, மேடம்."

அப்போது பின்னால் கதவு திறந்தது. ஸ்ரீதரன் குளிரில் சிவந்த கைகளைத் தேய்த்துக்கொண்டு உள்ளே வந்தான். முன்வரிசையை நோக்கி நடந்தான். இன்னும் நாலு எட்டு வைத்தால் பற்றிக்கின் மேசை. கிறேஸுக்குச் சொல்ல வந்த பிரெஞ்சுச் சொல் மறந்துபோனது.

யோசெப் எழுந்தான். தடித்த குளிர்க்கோட்டோடு நடந்துபோய் மேசைக்கும் ஸ்ரீதரனுக்கும் நடுவில் நின்றான்.

"ஐயா, உட்காருங்கள்," என்றார் எழுதுவினைஞர்.

"பார்தோன்," என்று பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டான் யோசெப். உட்காரவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு முதுகு நோகிறது என்று கையால் காட்டினான். நீதிபதி அவனைப் பார்த்தார், அவன் பின்னால் நின்றவனைப் பார்த்தார், பிறகு கிறேஸின் முகத்தைப் பார்த்தார்.

"நிற்கட்டும். பின்னால் இருப்பவர் பின்வரிசையில் உட்காரலாம்," என்று சொல்லிவிட்டுப் பற்றிக்கிடம் கேட்டார்: "பலகை தெரிகிற வேறு படம், அதே நாளில் எடுத்தது, உங்களிடம் இருக்கிறதா?"

இல்லை என்றான் பற்றிக். தீர்ப்பு தபாலில் வரும் என்றார் நீதிபதி. பற்றிக் படத்தை உறைக்குள் போடும்வரை யோசெப் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

வெளியே வந்ததும் ஸ்ரீதரன் கேட்டான். "என்னண்ணை, என்னை உள்ளுக்கு வரவிடாமல் நிண்டீங்கள்?"

"முதுகு," என்றான் யோசெப்.

திரும்பி வரும்போது யோசெப் வானின் ரேடியோவைச் சத்தமாகப் போட்டுவிட்டான்.

மூன்று வாரத்துக்குப் பிறகு தீர்ப்பு வந்தது. பலகை பனியால் மூடப்பட்டிருந்ததால் வழக்குத் தள்ளுபடி என்று இருந்தது. கிறேஸ் அதை இரண்டு தரம் வாசித்தாள். சந்தோசம் வரவில்லை. தக்ஷினியின் பெயர் எங்காவது இருக்கிறதா என்றுதான் தேடினாள். இல்லை.

அன்று வேலையால் வந்த யோசெப் சப்பாத்தைக் கழற்றாமலே கதிரையில் உட்கார்ந்தான்.

"இனி ஞாயிற்றுக்கிழமையில வரவேண்டாம் எண்டு அவனுக்குச் சொல்லிப்போட்டன்."

"என்ன சொன்னவன்?"

"அண்டைக்கு முதுகு நோகேல்லத்தானே எண்டு கேட்டவன். கன நேரம் என்ர முகத்தைப் பாத்துக்கொண்டு நிண்டவன்."

"அப்ப அவனுக்கு விளங்கிட்டுது."

"விளங்கட்டும்." யோசெப் கைகளைப் பிசைந்தான். "அவள் இப்ப எங்க இருக்கிறாள்?"

"எனக்குத் தெரியாது. எனக்குச் சொல்லவேண்டாம் எண்டு நான்தான் அவளுக்குச் சொன்னனான்."

"நல்லது," என்றான் அவன். எழுந்துபோய் முன்கதவின் கொளுக்கியைப் போட்டான். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பல்கனிப் பக்கத்துக் கதவையும் போய் இழுத்துப் பார்த்தான்.