பச்சை நித்தியகல்யாணி

சாப்பாட்டுத் தட்டின் ஓரத்தில் கணவர் அந்தப் பூவைக் கொண்டுவந்து வைத்தபோது அவள் கையில் கடைசித் துண்டு ரொட்டி இருந்தது. பூவைக் கரண்டிக் காம்பால் தள்ளி ஒதுக்கினாள். ரொட்டியை வாயில் போட்டுக்கொண்டு மெல்லாமல் வைத்திருந்தாள். முப்பது வருடமாகப் பரிசோதனைக் கூடத்தில் அடுத்தவர் சளியையும் சிறுநீரையும் சீழையும் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்த்துவிட்டு, கை கழுவிவிட்டு வந்து வயிறாரச் சாப்பிடுகிறவள். தெருவில் எல்லோருக்கும் அவள் லேப் அக்கா. முகம் சுளிக்கத் தெரியாத அக்கா. அவளுக்கு ஒரு பூவைப் பார்த்துக் குமட்டுகிறது என்றால் தெரு நம்பாது. அதனால் அவளும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

"நல்லாப் பாரும்மா. நேத்து வரைக்கும் ஓரத்துல கொஞ்சம் வெள்ளை இருந்துச்சு. இன்னிக்கு சுத்தமாப் பச்சை."

"பார்த்தேன்."

"எங்க பார்த்த? எச்சில் கரண்டியால தள்ளுற."

"சாப்பிடுற இடத்துல வைக்காதீங்க."

நித்தியகல்யாணி என்றால் எப்படி இருக்கும் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. இஸ்திரி போட்டது போல ஐந்து இதழ், நடுவில் ஒரு பொட்டுத் துளை. இதில் இதழெல்லாம் தடித்து, சுருண்டு, நரம்போடி, இலையும் இல்லாமல் பூவும் இல்லாமல் கிடந்தது. துளை இருக்க வேண்டிய இடத்திலிருந்து இன்னொரு காம்பு கிளம்பி, அதன் தலையில் இன்னொரு கொத்து. காதுக்குள்ளிருந்து விரல் முளைத்தது போல. நிறம் வேறு. நெஞ்சுச்சளி முற்றிய மூன்றாம் நாள் கோப்பையில் வந்து விழுமே, அந்த நிறம். தினமும் காலையில் அதை வரிசையாகப் பார்த்தவளுக்கு வேறு எதை ஞாபகப்படுத்தும்?

ஆனால் அதை அவரிடம் எப்படிச் சொல்வது? குடிநீர் அலுவலகத்தில் புகார் வாங்கும் ஜன்னலுக்குப் பின்னால் ஒரு ஆயுளையே கழித்தவர் அவர். தண்ணீர் வரவில்லை, வந்த தண்ணீர் நாறுகிறது, குழாய் உடைந்து வாசலே குளமாகிவிட்டது, இந்த மூன்றுக்கும் அவர்தான் காரணம் என்பது போல ஊரே வரிசையில் நின்று திட்டிவிட்டுப் போகும். அவரும் குனிந்த தலை நிமிராமல், எந்தத் தேதியிலிருந்து என்று கேட்டு எழுதிக்கொள்வார். தெரு அவருக்கு 'புகார்' என்றே பெயர் வைத்துவிட்டது. 'புகார் வீடு எது?' என்றால் கண்ணை மூடிக்கொண்டு காட்டுவார்கள். அப்படிப்பட்ட மனிதர் ஓய்வு பெற்றதும் பதினான்கு தொட்டிகளில் வெள்ளை நித்தியகல்யாணி வைத்தார். மூலையில் ஒரு நீல டிரம்மில் மீன் கழிவையும் சர்க்கரையையும் போட்டு ஊறவைத்தார். மூடியைத் திறந்தால் தெருக்கோடி நாய்கூட எழுந்து போய்விடும். நான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு செடி பச்சையாகப் பூத்தது. அடுத்து இரண்டு. அப்புறம் எல்லாம். எல்லாப் புகழும் டிரம்முக்கே என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

முதலில் எதிர்வீட்டு அம்மா வந்து பார்த்தாள். அவள் பார்த்தால் போதும், அப்புறம் தண்டோரா எதற்கு? ஒரே வாரத்தில் அடுத்த தெருக்காரர்கள்கூட வாசலில் நின்றார்கள். 'சார், எனக்கு ஒரு கன்னு,' 'சார், இதுக்கு என்ன ஊத்துறீங்க?' வாழ்க்கையில் முதன்முறையாக ஊர் வரிசையில் நின்று அவரைத் திட்டாமல் போனது. கடைசியில் புகார் என்ற பெயரே தேய்ந்து, பச்சைப் பூக்காரர் ஆகிவிட்டார்.

அன்று அவர் அந்தப் பூவை விடுவதாக இல்லை. "உங்க டாக்டர்கிட்ட காட்டு. அவருக்குச் செடி பிடிக்கும்னு சொன்னியே," என்று சமையலறை வரைக்கும் பின்னாலேயே வந்தார். கையில் வேறெதுவும் அகப்படாமல், பையில் கிடந்த சிறுநீர்ப் புட்டி ஒன்றில் பூவைப் போட்டு மூடிக்கொண்டாள். பரிசோதனைக் கூடத்துக்குப் போனால் டாக்டர் அன்று விடுப்பு. நுண்ணோக்கியில் ஒரு துணுக்கை வைத்துப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. மகரந்தம் என்று ஒரு தூள்கூட இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

வேளாண்மை அலுவலகத்து அம்மாள் ஒருத்தி சர்க்கரை பார்க்க வந்திருந்தாள். வெறும் வயிற்று ரத்தம் கொடுத்துவிட்டு, டப்பாவைத் திறந்து சாப்பிட்டு, இரண்டாவது ரத்தத்துக்குக் காத்துக்கொண்டிருந்தவள் மேசைமேல் புட்டியைப் பார்த்தாள்.

"இது யாரோடது?"

"எங்க வீட்ல வளர்க்குறாரு."

"வளர்க்குறாரா?" அந்த அம்மாளுக்குச் சிரிப்பில் புரையேறியது. தண்ணீர் குடித்து அடக்கிக்கொண்டு, "இது நோய்ங்க. பூ இலையாப் போற நோய். அரிசிக் குறுணை மாதிரி ஒரு தத்துப்பூச்சி இருக்கும், பார்த்திருப்பீங்க. அது இந்தச் செடியில உறிஞ்சிட்டு அடுத்த செடியில போய் வைக்கும். கன்னு எடுத்து வச்சாலும் நோயோடதான் வரும். சாமந்தி பக்கத்துல இருந்தா அதுக்கும் தாவிடும். மருந்தெல்லாம் கிடையாது. பிடுங்கி எரிச்சிடச் சொல்லுங்க," என்றாள். "உள்ள போனது வெளிய தெரிய ஒரு மாசமாவது ஆகும். அதுக்குள்ள ஊரெல்லாம் போயிருக்கும்." பிறகு கையை நீட்டினாள். அன்றைக்கு ரிப்போர்ட் கொடுத்தது நோயாளி.

பக்கத்தில் சாமந்தி இருந்தது. இடுப்பளவு மதிலுக்கு அந்தப் பக்கம் பூக்கடைக்காரியின் கொல்லை முழுக்க வெள்ளைச் சாமந்திதான். இறப்பு வீட்டு மலர்வளையத்துக்கு ஊரில் அவளை விட்டால் ஆள் கிடையாது. புருஷன் போனபின் இரண்டு பெண்களைப் படிக்க வைத்ததும் வைப்பதும் அந்தப் பாத்திதான்.

அன்று மாலை சொல்லிவிடுவது என்றுதான் வீட்டுக்கு வந்தாள். வாசலில் மூன்று பெண்களும் ஒரு வாத்தியாரும் நின்றிருந்தார்கள். நடுவில் இவர் இரண்டு கையையும் ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் பேசும்போது கை அசைந்து அவள் பார்த்ததில்லை. உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டாள். நாளைக்குச் சொல்லலாம்.

மறுநாள் பத்திரிகைக்காரர் வருவதாகத் தகவல் வந்தது. படம் எடுத்துப் போகட்டும் என்றிருந்தாள். படம் எடுத்தபின், அது அச்சில் வரட்டும் என்றிருந்தாள். உள்ளூர்ப் பக்கத்தில், ஒரு மெத்தைக்கடை விளம்பரத்துக்குக் கீழே தீப்பெட்டி அளவில் வந்தது. பாவம், தும்மப்போகிறவர் போல வாயைத் திறந்துகொண்டு நின்றார். ஆறு பிரதி வாங்கிவந்து, ஒன்றைக் கத்தரித்து அலமாரிக் கண்ணாடியில் ஒட்டினார். தலை வாரும்போதெல்லாம் அவள் முகத்துக்குப் பக்கத்தில் அந்தப் பூ. சீப்பைக் கீழே வைத்துவிட்டு, கண்ணாடி பார்க்காமலே பின்னிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

இதற்கு நடுவில் ஒருநாள் காலை பூக்கடைக்காரி மதிலோரம் வந்து நின்றாள். "அக்கா, அந்த மண்வெட்டியக் கொஞ்சம் குடுங்க. பக்கக்கன்னு பிரிச்சுப் புதுப் பாத்தி போடணும். இந்தத் தடவை இரண்டு மடங்கு."

இங்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நின்று யோசிக்கக்கூட இல்லை. மண்வெட்டியை எடுத்து, பிடியைத் துடைத்து, மதிலுக்கு மேலாக நீட்டினாள். நீட்டிய கையின் மேல் வெளிர்ப்பச்சையாக ஏதோ குதித்து, மதிலில் உட்கார்ந்து, அந்தப் பக்கம் போயிற்று. அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அன்று பரிசோதனைக் கூடத்தில் சோப்புப் போட்டு நான்கு முறை கை கழுவினாள். கூட வேலை பார்க்கும் பெண், "என்னக்கா, ஊசி எதுவும் குத்திடுச்சா?" என்று பயந்துபோய்க் கேட்டாள்.

வேளாண்மை அம்மாள் சொல்லிப் பதினோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பூக்கடைக்காரி மதிலைச் சுற்றிக்கூட வரவில்லை, புடவையைச் செருகிக்கொண்டு தாண்டியே வந்துவிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு. முந்தானையில் எதையோ பொத்தி வைத்திருந்தாள்.

"சார், உங்க கைராசி எங்க கொல்லைக்கும் வந்துடுச்சு. பாருங்க."

சாமந்தி. வெள்ளை இதழ் ஒன்றுகூட இல்லை. முட்டைக்கோசை எலி கொறித்துப் போட்டது போலப் பச்சையாக ஒரு சுருணை, அதன் நடுவிலிருந்து ஏழெட்டுக் குட்டிக் காம்புகள்.

"நாலு செடியில இப்படி வந்திருக்கு. ஹோட்டல்காரன்கிட்ட காட்டினா சும்மா விடுவானா? இனிமே சாவு வீட்டை நம்பி இருக்க வேண்டாம் சார்."

அவர் பூவை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "டிரம் தண்ணி மதிலோரமா ஊறி வந்திருக்கும்," என்றார் பெருமையாக. "வேணும்னா தினம் ஒரு வாளி எடுத்துக்கோம்மா." மூடியைத் திறக்கவும் போனார். நாற்றம் குப்பென்று வந்தது. பூக்கடைக்காரி, தனக்கு நாறுகிறது என்று அவர் நினைத்துவிடக் கூடாதே என்று மூக்கைப் பொத்தாமல் மரியாதையாக நின்றாள்.

லேப் அக்காவுக்கு அந்த நேரத்தில் மனசுக்குள் ஓடியது என்ன தெரியுமா? கணக்கு. உள்ளே போனது வெளியே தெரிய ஒரு மாதம். அப்படியானால் இந்த நாலு செடிக்கும் தன்னுடைய பதினோரு நாளுக்கும் சம்பந்தம் இல்லை. எவ்வளவு சுத்தமான கணக்கு. போட்டு முடித்ததும் வாயில் எச்சில் ஊறியது, வாந்திக்கு முன்னால் ஊறுமே, அப்படி.

"அதைக் கீழ போடுங்க," என்றாள். "அது நோய்."

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள். வேளாண்மை அம்மாள் சொன்னதை ஒன்றுவிடாமல், ரிப்போர்ட் வாசிப்பது போல ஒரே குரலில் சொன்னாள். பூச்சி, கன்று, சாமந்தி, எரிப்பது. அவர் கையிலிருந்த டிரம் மூடியை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றார். தலை குனிந்தது. அப்புறம் யாரையும் பார்க்காமல் கேட்டார்:

"எந்தத் தேதியில தெரிய வந்துச்சு?"

ஜன்னலுக்குப் பின்னாலிருந்து வரும் அதே குரல். முப்பது வருடம் புட்டிகளில் தேதி எழுதி ஒட்டியவளுக்குப் பொய்த் தேதி வாயில் வரவில்லை.

"பதினோரு நாளாச்சு."

பூக்கடைக்காரி விரலை மடக்கவில்லை, எண்ணவில்லை. "இந்தப் புதன்கிழமைதானே அக்கா மண்வெட்டி கேட்டேன்," என்றாள் மெதுவாக. "துடைச்சு வேற குடுத்தீங்க."

அவ்வளவுதான். திட்டவில்லை, அழவில்லை. வந்த வழியாக மதிலைத் தாண்டப்போனவள், என்ன நினைத்தாளோ, இறங்கி வாசல் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனாள்.

மத்தியானம் மதிலுக்கு அந்தப் பக்கம் வேர் அறுபடும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. வீட்டில் அவர் தொட்டிகளுக்கு முன்னால் முக்காலி போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். சாப்பிடக் கூப்பிட்டாள். அவர் எழுந்து வரவில்லை. லேப் அக்கா பையிலிருந்து இரண்டு ஜோடி கையுறை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். வா என்றும் போ என்றும் அவளிடம் யாரும் சொல்லவில்லை. பூக்கடைக்காரி ஒரு சாக்கை மட்டும் காலால் அவள் பக்கம் தள்ளிவிட்டாள். கையுறையைத் தொடவில்லை.

பழைய பாத்தி, பிறகு புதுப் பாத்தி. நேற்று வேர் பிடித்த கன்றுகள் இழுத்ததும் வந்தன. பெரிய செடிகளில் பாதி இன்னும் வெள்ளை வெளேரென்றுதான் பூத்திருந்தன. ஒரு குறையும் சொல்ல முடியாத பூக்கள். அவற்றைப் பிடுங்கும்போது பூச்சிகள் உமி பறப்பது போல எழும்பி, அவள் கழுத்திலும் நெற்றியிலும் வந்து உட்கார்ந்தன. தட்டிவிட்டால் வேறெங்காவது போகும். அப்படியே விட்டுவிட்டுக் குனிந்து அடுத்த செடியைப் பிடித்தாள்.

கொல்லை மூலையில் பூக்கடைக்காரி காய்ந்த ஓலையை அடியில் வைத்து, சாக்குகளைக் கவிழ்த்து, தீ வைத்தாள். ஈரச் செடி, மெல்லத்தான் பிடித்தது. அப்போதுதான் மதிலுக்கு மேல் அவர் தலை தெரிந்தது. பச்சை நித்தியகல்யாணிகளை ஒவ்வொன்றாக மதில்மேல் வைத்தார். பதினான்கு. கன்று கேட்டு வருகிறவர்களுக்குக் கட்டிக்கொடுப்பது போல, ஒவ்வொன்றின் வேரிலும் மண் போகக் கழுவி, நனைத்த செய்தித்தாளைச் சுற்றி, நூலால் கட்டியிருந்தார்.

பூக்கடைக்காரி அவற்றை இரண்டு கையிலும் அள்ளி வந்து நெருப்பின் மேல் போட்டாள். ஈரத் தாள் சீறியது. எரிந்துகொண்டிருந்ததும் அடங்கியது. கிளம்பிய புகையில் மீன் நாற்றம் இருந்தது. மூன்று பேரும் மூக்கைப் பொத்தாமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெள்ளைச் சாமந்திகள் கருகிச் சுருங்கிக்கொண்டிருந்தன. அவற்றின் மேல், புகைக்கு நடுவில், அந்தப் பூக்கள் மட்டும் வாடாமல் பச்சைப் பசேலென்று இருந்தன.